வந்தியின் பங்கு

வைகையில் வெள்ளம் பெருக்கெடுத்துக் கரை உடைந்தபோது, பாண்டிய மன்னன் ஓர் ஆணை பிறப்பித்தான். உடைந்த கரையை அளந்து, வீட்டுக்கு இவ்வளவு என்று பங்கிட்டு, ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவர் வந்து தமது பங்கை அடைக்க வேண்டும் என்பதே அந்த ஆணை. அதில் குறை காண இயலாது. நகரம் அனைவருக்கும் உரியது. வெள்ளம் அனைவரையும் அழிக்க வல்லது. ஆகவே உழைப்பும் அனைவருக்கும் பொது. ஆயினும் அந்த நகரத்தின் ஒரு மூலையில் வந்தி என்னும் மூதாட்டி இருந்தாள். பிட்டு விற்றுப் பிழைத்தவள். கணவன் இல்லை, மகன் இல்லை, சுற்றம் இல்லை. அரசனின் கணக்கில் அவளுடைய குடிசையும் ஒரு வீடு. அவளுக்கும் ஒரு பங்கு. மண் சுமக்க அந்த வீட்டில்தான் கை இல்லை.

அவள் சொக்கநாதரை நினைத்து வருந்தினாள். அப்போது கந்தையை உடுத்து, தலையில் சும்மாட்டுடன், கூடையும் மண்வெட்டியும் ஏந்தி ஒரு கூலியாள் வந்தான். உதிர்ந்த பிட்டே கூலி என்று பேசி, அவளுடைய பங்கை ஏற்றுக்கொண்டான். வந்தவர் யார் என்பது தமிழர் அனைவரும் அறிந்தது. மதுரையில் ஆண்டுதோறும் ஆவணி மூலத்தில் அந்த லீலை கொண்டாடப்படுகிறது.

இந்தத் திருவிளையாடலில் பக்திச் சுவை நிறைந்திருப்பதுபோல் ஓர் உலகியல் உண்மையும் அடங்கியிருக்கிறது. அரசின் ஏற்பாடு எவ்வளவு நேர்மையானதாயினும், ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கை இருக்கிறது என்ற கணிப்பின் மேல்தான் அது எழுப்பப்படுகிறது. கை இல்லாத வீட்டின் முன் அது திகைத்து நிற்கிறது. அந்த இடைவெளியில் ஒருவர் தாமாக வந்து நிற்பதற்கே தொண்டு என்று பெயர்.

செம்பூரும் அதன் அண்டையும்

மும்பை மாநகரின் கிழக்கே உள்ள செம்பூர், தமிழ் அன்பர்களுக்கு நன்கு அறிமுகமான இடம். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள், உரத் தொழிற்சாலை, டிராம்பேயின் அணு ஆராய்ச்சி மையம் ஆகியவற்றில் பணிபுரிய வந்த எத்தனையோ குடும்பங்கள் இங்கே வேரூன்றின. செடா நகரில் முருகப்பெருமானுக்குக் கோயில் எழுப்பி, ஊரின் பெயரையே 'திருச்செம்பூர்' என்று அன்பர்கள் அழைத்து மகிழ்கின்றனர்.

அந்தக் கோயிலிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் கோவண்டி, தேவ்னார், மான்கூர்ட் ஆகிய பகுதிகள் உள்ளன. மாநகரின் குப்பை ஒரு நூற்றாண்டாகக் கொட்டப்பட்டு வந்த தேவ்னார்க் குப்பைமேடும் அங்கேதான் இருக்கிறது. காசநோய் என்னும் பழைய பகைவன் இந்த நகரில் ஆழமாகக் கூடு கட்டியுள்ள இடங்களில் இப்பகுதியும் ஒன்று. குடிசைகளிலிருந்தும் சாலையோரங்களிலிருந்தும் அகற்றப்பட்ட மக்களுக்காக இங்கே கட்டப்பட்ட மறுகுடியமர்வுக் கட்டடங்களைப் பற்றி 2018ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளிவந்தது. லல்லுபாய் காம்பவுண்டு, நட்வர் பாரிக் காம்பவுண்டு ஆகிய குடியிருப்புகளில் கட்டடங்கள் ஒன்றையொன்று நெருங்கி நிற்பதால் கீழ்த்தள வீடுகளுக்கு வெயிலும் காற்றும் எட்டுவதில்லை என்பதையும், அந்த நெருக்கத்துக்கும் காசநோய்க்கும் தொடர்பு இருப்பதையும் அது எடுத்துக் காட்டியது. கதிரவனின் ஒளியும் வீசும் காற்றும் இறைவன் விலையின்றி அளித்தவை. அவையும் எட்டாத வீடுகள் ஒரு மாநகரில் இருக்கின்றன என்பது வழிபடும் உள்ளங்களைச் சற்றே நிறுத்திச் சிந்திக்க வைக்க வேண்டிய செய்தி.

இந்நோய்க்கு மருந்து இல்லாமல் இல்லை. அரசின் தேசியக் காசநோய் ஒழிப்புத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். மருந்துக்குக் கட்டுப்படும் காசநோயை ஆறு மாதச் சிகிச்சையில் குணப்படுத்த முடியும். நோயாளியின் சத்துணவுக்காக 2018 ஏப்ரல் முதல் மாதம் 500 ரூபாய் வழங்கப்பட்டு வந்தது. 2024 நவம்பரில் அது 1000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. மருந்து இருக்கிறது, மருத்துவர் இருக்கிறார், பணமும் ஓரளவு இருக்கிறது. அப்படியிருந்தும் நோய் ஏன் நிற்கவில்லை?

சென்னை கற்பித்த பாடம்

இந்தக் கேள்விக்கு விடை தேடச் சென்னைக்குச் செல்ல வேண்டும். 1956ஆம் ஆண்டில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை இணைந்து சென்னையில் காசநோய் வேதிச் சிகிச்சை மையத்தை நிறுவின. இன்று சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக விளங்குவது அதுவே. அக்காலத்தில் காசநோயாளி என்றால் ஊருக்கு வெளியே, தூய காற்றும் ஓய்வும் நல்லுணவும் உள்ள சானடோரியத்தில் மாதக்கணக்கில் தங்க வேண்டும் என்பதே உலகெங்கும் மருத்துவ மரபு. ஏழை நாடு ஒன்று அத்தனை படுக்கைகளுக்கு எங்கே போகும்?

அந்த மையம் நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைச் சானடோரியத்திலும் மறு பிரிவினரை அவர்களது நெருக்கடியான சொந்த வீடுகளிலும் வைத்து ஒரே மருந்துகளைக் கொடுத்தது. 1959இல் வெளியான முடிவு மருத்துவ உலகை வியக்க வைத்தது. வீட்டிலிருந்தே மருந்து உண்டவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஏறக்குறைய நிகராகக் குணமடைந்தனர். அவர்கள் வீட்டில் இருந்ததால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. உலகின் காசநோய்ச் சிகிச்சையையே வீடுகளை நோக்கித் திருப்பிய ஆய்வு அது. சென்னையின் எளிய குடும்பங்கள் மனித குலத்துக்குச் செய்த அந்த உதவி போதிய அளவு போற்றப்படவில்லை.

ஆனால் அந்த வெற்றியோடு ஒரு புதிய பொறுப்பும் பிறந்தது. சானடோரியத்தில் செவிலி நோயாளியின் அருகில் இருந்தார். வீட்டில் யார் இருப்பார்? மருந்து ஆறு மாதம் தவறாமல் உள்ளே செல்ல வேண்டும். சில வாரங்களிலேயே இருமல் தணிந்து, காய்ச்சல் விட்டு, உடலில் தெம்பு வந்துவிடுகிறது. கூலி வேலைக்குப் போக வேண்டியவர் 'குணமாகிவிட்டது' என்று எண்ணி மருந்தை விட்டுவிடுகிறார். சிலருக்கு மருந்து குமட்டுகிறது. சிறுநீர் ஆரஞ்சு நிறமாவதைக் கண்டு அஞ்சிச் சிலர் நிறுத்துகின்றனர். அது அந்த மருந்தின் இயல்பு என்று சொல்ல அருகில் ஆள் இல்லை. பாதியில் நின்ற மருந்து, கிருமிக்குப் பாடம் கற்பித்து அதை வலிமையாக்குகிறது. 2011இன் இறுதியில் மும்பை மருத்துவர்கள் சிலர், தாம் சோதித்த எந்த மருந்துக்கும் கட்டுப்படாத காசநோயாளிகளைக் கண்டதாக மருத்துவ இதழில் எழுதியபோது நாடே அதிர்ந்தது. அவர்கள் கையாண்ட சொல் பொருத்தமா என்று விவாதம் எழுந்தது; கண்ட ஆபத்தை எவரும் மறுக்கவில்லை.

ஆக, நோய்க்கும் குணத்துக்கும் இடையே உள்ள தொலைவு மருந்துக் கடையால் மட்டும் நிரப்பப்படுவதில்லை. மாத்திரைக்கும் மனிதனுக்கும் நடுவே இன்னொரு மனிதன் தேவைப்படுகிறான். 1997இல் தொடங்கிய திருத்தியமைக்கப்பட்ட காசநோய்த் திட்டம் இதை உணர்ந்தே, நோயாளி மருந்து உண்பதைக் கண்ணெதிரே பார்த்து உறுதி செய்யும் முறையை நாடெங்கும் கொண்டு சென்றது. அதற்கு அங்கன்வாடிப் பணியாளர், ஆசிரியர், அண்டை வீட்டார், தெருமுனைக் கடைக்காரர் எனப் பலர் துணை நின்றனர். 2022 செப்டம்பர் 9 அன்று குடியரசுத் தலைவர் தொடங்கி வைத்த இயக்கத்தின் கீழ், 'நிக்ஷய் மித்ரா' என்ற பெயரில் தனி மனிதர்களும் அமைப்புகளும் நோயாளிகளுக்கு மாதந்தோறும் சத்துணவுப் பொருள்கள் வழங்க முன்வரலாம். 'க்ஷயம்' என்பது தேய்வு. அதையே இந்நோய்க்கும் பெயராக வைத்தனர் முன்னோர். 'மித்ரன்' என்பவன் நண்பன். தேய்வைப் போக்கும் நட்பு என்று அந்தப் பெயருக்குப் பொருள் கொள்ளலாம்.

உணவு வெறும் உபசாரம் அன்று. ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை நடந்த ஆய்வு ஒன்றில், காசநோயாளிகளின் குடும்பத்தாருக்கும் உணவுப் பொருள்கள் வழங்கப்பட்டபோது, அவர்களிடையே புதிதாக நோய் தோன்றுவது ஏறக்குறைய 40 முதல் 50 சதவீதம் வரை குறைந்தது என்று 2023இல் அறிவிக்கப்பட்டது. அன்னமே பிராணன் என்று உபநிடத மரபு கூறிவந்ததை, பருப்பும் அரிசியும் அளந்து கொடுத்து விஞ்ஞானம் உறுதி செய்திருக்கிறது.

இரு ஐயங்கள்

இங்கே சிந்திக்கும் மனத்தில் இரு ஐயங்கள் எழுவது இயல்பு. அவற்றை ஒதுக்கிவிட்டுத் தொண்டுக்கு அழைப்பது நேர்மையாகாது.

முதல் ஐயம்: மக்களின் உடல்நலம் காப்பது அரசின் கடமை, அதற்காகவே வரி செலுத்தப்படுகிறது, தனி மனிதர் ஏன் அதில் தலையிட வேண்டும்? இதற்கு விடை வந்தியின் கதையிலேயே உள்ளது. கரையை அளந்ததும் பங்கிட்டதும் ஆட்களைத் திரட்டியதும் அரசன். கூலியாளாக வந்தவர் அரசனின் வேலையைத் தம் கையில் எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு கிழவியின் பங்கை மட்டும் ஏற்றார். மருந்து வாங்குவதும், ஆய்வுக்கூடம் நடத்துவதும், மருத்துவரை நியமிப்பதும் அரசின் பணி. அவற்றைத் தொண்டரால் செய்யவும் முடியாது, செய்ய முயலவும் கூடாது. பெயர் சொல்லி விசாரிப்பதும், பயத்தைக் கேட்பதும், அரை மணி நேரம் அருகில் அமர்வதும் எந்த அரசாணையாலும் பிறப்பவை அல்ல. அவை தொண்டருக்கு உரியவை.

இரண்டாவது ஐயம் இன்னும் கூர்மையானது: இலவசமாக உழைக்க ஆள் கிடைத்தால், கூலிக்கு உழைப்பவரின் வயிற்றில் அடித்ததாகாதா? மும்பை மாநகராட்சியின் சுகாதார மையங்களில் வீடு வீடாகச் செல்லும் பெண்கள் 'சமுதாய சுகாதாரத் தொண்டர்கள்' என்ற பெயரில் மதிப்பூதியம் பெற்றே பல்லாண்டுகள் உழைத்து வந்திருக்கின்றனர். தங்களைத் தொழிலாளராக ஏற்று உரிய ஊதியம் தர வேண்டும் என்று அவர்கள் நெடுங்காலம் போராடியதும் உண்டு. 2005இல் தொடங்கிய தேசிய ஊரக சுகாதார இயக்கத்தின் ஆஷா பணியாளர்களை 2022இல் உலக சுகாதார நிறுவனம் விருது அளித்துப் போற்றியது. அவர்களும் ஏட்டில் 'தொண்டர்'களே. வாழ்வாதாரத்துக்காக உழைப்பவருக்குத் தொண்டர் என்று பெயர் சூட்டி ஊதியத்தைக் குறைப்பது தர்மமாகாது. தொண்டு என்ற தூய சொல்லுக்கே அது இழுக்கு.

ஆகவே, ஊதியம் பெறும் பணியாளரின் வேலையைத் தொண்டர் பறிக்கலாகாது. அவருக்குத் துணை நிற்க வேண்டும். அவருடைய உரிமைக் குரலுக்கும் செவி சாய்க்க வேண்டும். ஒருவர் மனமுவந்து கொடுப்பது தொண்டு. ஒருவரிடமிருந்து பறித்துக்கொண்டு அதற்குத் தொண்டு என்று பெயரிடுவது வேறு.

ஆர்வமும் ஒழுங்கும்

2020 மார்ச் மாதத்தில் கொரோனா தொற்று பரவியபோது, பிரிட்டனின் பொதுச் சுகாதாரத் துறை 2,50,000 தொண்டர்கள் வேண்டும் என்று அறிவித்தது. சில நாட்களில் 7,50,000 பேர் பெயர் கொடுத்தனர். மனித உள்ளத்தின் நற்பண்புக்கு அது பெரும் சான்று. ஆனால் அவர்களில் பலர் வாரக்கணக்கில் ஒரு வேலையும் கிடைக்காமல் காத்திருந்தனர். அன்பு வெள்ளமாக வந்தது; அதைப் பாய்ச்ச வாய்க்கால் அந்த அளவுக்கு வெட்டப்பட்டிருக்கவில்லை.

அதே ஆண்டில் தாராவியில் வேறொரு காட்சி. ஏறக்குறைய 2.4 சதுர கிலோமீட்டரில் பல லட்சம் மக்கள் வாழும் அவ்விடத்தில் 2020 ஏப்ரல் 1 அன்று முதல் நோயாளி கண்டறியப்பட்டார். ஒரே கழிப்பறையைப் பலர் பகிரும் இடத்தில் விலகியிருப்பது எங்ஙனம்? அப்பகுதியில் சிறு மருத்துவமனைகள் நடத்திவந்த தனியார் மருத்துவர்கள் மாநகராட்சியோடு கைகோத்து வீடு வீடாகச் சோதனைக்குப் புறப்பட்டனர். பாதுகாப்பு உடையும் கருவிகளும் மாநகராட்சி தந்தது. தெருவின் நம்பிக்கையை மருத்துவர்கள் தந்தனர். காய்ச்சலை மறைத்தவர்களும், பல ஆண்டுகளாகத் தம் குடும்பத்துக்கு மருந்து கொடுத்த டாக்டரிடம் அதைச் சொன்னார்கள். அவ்வாண்டு ஜூலை 10 அன்று உலக சுகாதார நிறுவனத்தின் தலைவர் தாராவியை உலகுக்கு எடுத்துக்காட்டாகக் கூறினார்.

வாய்க்காலைப் பொறுமையாக வெட்டிய முன்மாதிரி கேரளத்தில் உள்ளது. 1993இல் கோழிக்கோட்டில் ஒரு சிறிய வலி நிவாரண மையம் தொடங்கப்பட்டது. தீராத நோயால் படுத்திருப்பவர்களை மருத்துவர்கள் மட்டும் எட்ட முடியாது என்று கண்டபோது, மலப்புறம் முதலிய மாவட்டங்களில் அந்தந்த ஊர் மக்களையே பயிற்றுவித்தனர். வாரத்துக்கு இரண்டு மணி நேரமாவது தர இயலும் என்பவரே தொண்டராகச் சேர முடிந்தது. 16 மணி நேர வகுப்பும் நான்கு நாள் நேரடிப் பயிற்சியும் முடித்த பின்பே அவர் நோயாளியின் வாசலை மிதித்தார். 2008இல் கேரள அரசு இதைத் தன் கொள்கையாக ஏற்றது. பஞ்சாயத்துகளின் துணையோடு செவிலியர் வீடு தேடி வரும் முறை பொதுச் சுகாதாரத்தின் பகுதியாயிற்று. மக்கள் தொடங்கியதை அரசு ஏற்றது. அரசு ஏற்ற பின்னும் மக்கள் விலகிவிடவில்லை.

செம்பூருக்கும் இவ்வகையில் ஒரு பழைய உறவு உண்டு. 1936இல் தோன்றி 1954இல் தேவ்னாருக்கு வந்த டாட்டா சமூக அறிவியல் நிறுவனம், மருத்துவமனைக்கும் நோயாளியின் வீட்டுக்கும் நடுவே பாலமாக நிற்கும் சமூகப் பணியாளர்களைத் தலைமுறை தலைமுறையாக உருவாக்கி வருகிறது. அவர்கள் தொழில்முறையில் கற்பதன் எளிய பகுதியையேனும் தொண்டர் கற்க வேண்டும்.

ஏட்டிலிருந்து தொடங்கும் சாதனை

செடா நகரில் வாழும் ஓய்வுபெற்ற ஒருவரை மனத்தில் கற்பனை செய்துகொள்வோம். முப்பது ஆண்டுகள் அதிகாரியாக இருந்தவர். காலையில் பாராயணம், மாலையில் கோயில். சேவை செய்ய வேண்டும் என்ற எண்ணத்தோடு அருகிலுள்ள மாநகராட்சி சுகாதார மையத்துக்குச் செல்கிறார். அங்குள்ள சேவிகை, அவருடைய மகளின் வயதே உள்ளவள், "காகா, இன்றைக்கு இந்த முகவரிகளை மட்டும் படி எடுத்துத் தாருங்கள்" என்று ஓர் ஏட்டைத் தருகிறாள்.

அந்தக் கணத்தில் அவருள் எழுவது என்ன? 'என் தகுதிக்கு இதுவா வேலை?' என்ற சிறு குரல். பல ஆண்டு ஜபத்தில் வெளிப்படாத அகங்காரம் ஓர் ஏட்டின் முன் வெளிப்பட்டுவிடுகிறது! சேவையைச் சாதனை என்று பெரியோர் கூறியதன் காரணம் இதுவே. தனிமையில் அமர்ந்திருப்பவனுக்குத் தன் மனத்தின் முரட்டுத்தனம் தெரிவதில்லை. பிறர் வகுத்த ஒழுங்குக்குள், பிறர் சொல்லும் நேரத்தில், பிறர் தரும் வேலையைச் செய்யும்போதே அது தெரிகிறது. அவர் அந்த ஏட்டை எழுதி முடித்து, அடுத்த வாரமும் அதே நேரத்துக்கு வந்தால், சாதனை தொடங்கிவிட்டது எனலாம். அந்தச் சேவிகையை மராத்தி வழக்கப்படி 'தாயி' என்று அவர் அழைப்பார். அம்மொழியில் மூத்த சகோதரியைக் குறிக்கும் அச்சொல் தமிழ்ச் செவியில் தாயாகவே ஒலிக்கும். வயதில் இளையவளிடம் பணிந்து கற்க அதுவே ஒரு மந்திரமாகலாம்.

பின்னர் அவர் நோயாளியின் இல்லத்துக்குச் செல்லும் நாள் வரும். அங்கே அவர் நினைவில் கொள்ள வேண்டியவை சில.

அவர் மருத்துவர் அல்லர். மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ, தமக்குத் தெரிந்த கஷாயத்தை அதற்கு மாற்றாகக் கூறவோ அவருக்கு உரிமை இல்லை. கண் மஞ்சளானாலும் வாந்தி நிற்காவிட்டாலும் உடனே மையத்துக்குத் தெரிவிப்பதே அவர் கடமை.

நோய் அவருடைய நாவில் இரகசியமாக இருக்க வேண்டும். காசநோய் என்ற சொல் ஒரு பெண்ணின் திருமணத்தை நிறுத்திவிடக்கூடும். ஒரு தொழிலாளியின் வேலையைப் பறித்துவிடக்கூடும். உணவுப் பையைக் கொடுக்கும்போது புகைப்படம் எடுப்பது, கொடுப்பவரின் புகழுக்காக வாங்குபவரின் மறைவை விற்பதாகும். கீதையின் பதினேழாம் அத்தியாயம் கொடையை மூன்றாகப் பகுக்கிறது. கைம்மாறும் பலனும் கருதித் தருவது ராஜசம். அவமதித்துத் தருவது தாமசம். புகைப்படத்துக்காகத் தரப்படும் பை இவ்விரண்டில் எதில் சேரும் என்பதை அவரவர் மனச்சாட்சியே கூறும்.

தம் உடலையும் அவர் காக்க வேண்டும். சிகிச்சை தொடங்காத நோயாளியிடமிருந்தே தொற்று பெரும்பாலும் பரவுகிறது. சரியான மருந்து தொடங்கிய சில வாரங்களில் பெரும்பாலோரிடம் அந்த ஆபத்து வெகுவாகக் குறைந்துவிடுகிறது. ஆகவே மையம் கூறும் வரை காத்திருப்பதும், முகக்கவசம் அணிவதும், திறந்த சன்னல் அருகே அமர்வதும் கோழைத்தனம் ஆகா. ஆராயாமல் ஆபத்தில் இறங்குவது வீரமும் ஆகாது.

மொழியால் அவர் பெரிதும் உதவலாம். திருநெல்வேலியிலிருந்து பிழைக்க வந்த ஒருவர், மராத்தியிலும் இந்தியிலும் பேசும் அலுவலகத்தின் முன் சொல்லத் தெரியாமல் நிற்கும்போது, தமிழில் கேட்கப்படும் "சாப்பிட்டீர்களா ஐயா?" என்ற ஒரு கேள்வி மருந்துக்கு இணை. பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவரிடம், சிகிச்சைப் பதிவை ஊரிலுள்ள மையத்துக்கு மாற்றிக்கொண்டு அங்கும் மருந்தைத் தொடரலாம் என்று எடுத்துச் சொல்வது ஓர் உயிரையே காக்கக்கூடும்.

இறுதியாக, நோயாளியின் தனிமையைத் தம் கொள்கையைப் பரப்பும் வாய்ப்பாக அவர் கருதலாகாது. பிணியாளியின் வாசலில் சமயமும் சாதியும் கட்சியும் காலணிகளோடு வெளியே விடப்பட வேண்டியவை.

திங்களூரில் அப்பூதி அடிகள் தண்ணீர்ப் பந்தல் அமைத்தார். அதற்குத் தம் பெயரைச் சூட்டவில்லை. அதுவரை தாம் கண்டிராத திருநாவுக்கரசரின் பெயரைச் சூட்டினார். தம் பிள்ளைகளுக்கும் அப்பெயரே. ஒருநாள் அப்பரே அவ்வழியே வந்து, "உம் பெயரை எழுதாமல் வேறொரு பெயரை எழுதியது ஏன்?" என்று கேட்டபோது, கேட்டவர் யாரென அறியாத அடிகள் மனம் நொந்தார். தாகத்தோடு வந்தவனுக்குத் தண்ணீர் கிடைத்தது; கொடுத்தவரின் பெயர் பந்தலில் இல்லை. தமிழகம் தந்த தொண்டின் இலக்கணம் இதுவே.

கர்மமும் ஞானமும்

தொண்டு செய்தால் முக்தி கிடைத்துவிடுமா என்று வேதாந்தம் பயில்வோர் கேட்பதுண்டு. ஆசாரிய சங்கரரின் மரபு இதில் தெளிவாக உள்ளது. அறியாமையை நீக்குவது அறிவே. கருமம் அதை நேராக நீக்காது. எனினும், அழுக்கடைந்த கண்ணாடியில் சூரியன் பிரதிபலிப்பதில்லை. பலனை ஈசுவரனுக்கு அர்ப்பணித்துச் செய்யப்படும் கருமம் சித்தத்தைத் துடைக்கிறது. துடைக்கப்பட்ட சித்தத்தில் ஞானம் நிலைக்கிறது. இல்லறத்தார் நாள்தோறும் செய்ய வேண்டிய ஐந்து வேள்விகளில் மனித வேள்வியும் ஒன்றாக வைக்கப்பட்டது இதனாலேயே.

தொண்டில் தோல்வியும் உண்டு. ஐந்து மாதம் துணை நின்ற நோயாளி ஆறாவது மாதத்தில் சொல்லாமல் மறைந்துவிடலாம். தாமதமாக வந்த ஒருவர் இறந்தும் போகலாம். 'நான் காப்பாற்றுகிறேன்' என்று எண்ணியவர் அன்றோடு உடைந்துவிடுவார். முயற்சியை அர்ப்பணமாகவும் முடிவைப் பிரசாதமாகவும் ஏற்கப் பழகியவர் கண்ணீரோடு எழுந்து அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவார். பற்றின்மை என்பது இரக்கமின்மை அன்று. துயரம் வந்த பின்னும் கடமையைத் தொடரும் ஆற்றல் அது.

எல்லோர் முதுகிலும் பட்ட அடி

வந்தியின் கதை இன்னும் முடியவில்லை. கூலியாளாக வந்த பெருமான் பிட்டை உண்டார், பாடினார், ஆடினார், உறங்கினார். மற்றவர் பங்கெல்லாம் அடைபட்டும் வந்தியின் பங்கு அடைபடாமல் கிடந்தது. சினந்த மன்னன் பொற்பிரம்பால் அவர் முதுகில் ஓங்கி அடித்தான். அந்த அடி மன்னன் முதுகில் பட்டது. அரசியின் முதுகில் பட்டது. அமைச்சர், வீரர், குடிமக்கள், உயிர்கள் அனைத்தின் மீதும் பட்டது. பெருமான் ஒரு கூடை மண்ணைக் கரையில் கொட்டிவிட்டு மறைந்தார். வெள்ளம் வடிந்தது.

இதைப் பக்தர்கள் இறைவனின் எங்கும் நிறைந்த தன்மைக்குச் சான்றாகக் கூறுவர். காற்றில் பரவும் ஒரு நோய் அதே பாடத்தை வேறு விதமாகக் கூறுகிறது. கோவண்டியின் இருண்ட அறையில் ஒருவர் இருமுகிறார். அவர் காலையில் ஏறும் துறைமுகப் பாதை ரயிலில் ஆயிரம் பேர் அவர் விட்ட மூச்சையே பகிர்கின்றனர். குப்பைமேட்டின் அருகில் வாழ்பவனின் நுரையீரலும் உயர்ந்த மாடியில் வாழ்பவனின் நுரையீரலும் ஒரே காற்றின் இரு அறைகள். ஒருவன் மருந்தைப் பாதியில் விட்டால் அந்த அடி எல்லோர் முதுகிலும் விழும். ஒருவனை மருந்து முடியும் வரை உடன் அழைத்துச் சென்றால் அந்த நலமும் எல்லோர் மீதும் பரவும்.

ஒவ்வொரு வார்டிலும், ஒவ்வொரு தெருவிலும் வந்தி இருக்கிறாள். அவளுடைய பங்கு இன்றும் அடைபடாமல் கிடக்கிறது. ஊர் முழுவதையும் சுமக்க எவரும் அழைக்கப்படவில்லை. வாரத்தில் இரண்டு மணி நேரம், ஒரு வீடு, ஒரு மனிதர், ஆறு மாதம். ஒரு கூடை மண் அவ்வளவே. அந்தக் கூடையைத் தலையில் ஏற்றும்போது, முன்பு அதைச் சுமந்தவர் யார் என்பதை நினைவில் கொள்வோருக்கு அதன் பாரம் தெரியாது. எல்லாம் வல்ல சொக்கநாதப் பெருமான் அந்த நினைவை அன்பர் அனைவருக்கும் அருள்வாராக.